கரி என்ற சொல் விடுபட்டபோது

2019 ஜனவரி 3. கொழும்பிலிருந்து சூயஸ் வழியாகக் கனடாவின் ஹாலிஃபாக்ஸுக்குப் போய்க்கொண்டிருந்த ‘யாந்தியன் எக்ஸ்பிரஸ்’ என்ற ஜெர்மன் கொடிக் கப்பலில், நடு அட்லாண்டிக்கில், மேல்தளக் கன்டெய்னர் ஒன்று தீப்பற்றியது. குளிர்காலக் கடல். கப்பலில் இருந்த 23 பேரும் தீயோடு போராடிப் பார்த்துவிட்டுக் கடைசியில் வேறு கலத்துக்கு மாற வேண்டியதாயிற்று. தீ முழுதாக அடங்க வாரங்கள் ஆயின. ஜெர்மனியின் கடல் விபத்து விசாரணை அமைப்பு பின்னால் வெளியிட்ட அறிக்கை, தீயின் மூலத்தை வியட்நாமில் ஏற்றிய ஒரு கன்டெய்னரில் தேடியது. அதற்குள் இருந்தது தேங்காய்த் தொட்டியைச் சுட்டு எடுத்த கரி. கப்பல் நிறுவனத்துக்குக் கொடுத்த தாளிலோ ‘தேங்காய் வில்லைகள்’ என்று எழுதியிருந்தது. தேங்காய் தாளில் ஏறிவிட்டது, கரி ஏறவில்லை.

காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் போனவர்களுக்குத் தொட்டிக்கரி புதிதல்ல. கொப்பரை எடுத்த பிறகு மிஞ்சும் தொட்டியைக் குழியிலோ உலையிலோ இட்டு, காற்றைக் குறைத்துச் சுடுவார்கள். அந்தக் கரி பல கைகள் மாறி, தண்ணீர் வடிகட்டியில் போடும் கரியாகவும் ஹுக்கா வில்லையாகவும் கப்பலேறுகிறது. ராமநாதபுரத்துச் சீமைக்கருவேலக் கரிமூட்டம் இன்னொரு வகை: விறகை அடுக்கி, மேலே வைக்கோலும் மண்ணும் பூசி, உள்ளுக்குள்ளேயே புகையவிடுவது. மூட்டம் போடுகிறவர்களைக் கேட்டால் ஒன்றைத் தவறாமல் சொல்வார்கள். சூடு தணியாமல் மூட்டத்தைப் பிரிக்கக் கூடாது. அவசரப்பட்டுப் பிரித்தால், வெளிக்காற்று பட்டதும் கரி மறுபடி கனன்றுவிடும், அத்தனை நாள் உழைப்பும் சாம்பல்.

சர்வதேசச் சட்டம் பல பக்கங்களில் சொல்வதும் ஏறக்குறைய இதைத்தான். புதிதாகச் சுட்ட கரியின் மேற்பரப்பு காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். இழுக்கும்போது வெப்பம் பிறக்கும். பரப்பி வைத்தால் அந்த வெப்பம் காற்றோடு போய்விடும். மூட்டை மூட்டையாக அடுக்கி, இரும்புப் பெட்டிக்குள் திணித்து, வெயில் காயும் மேல்தளத்தில் வைத்தால் போக வழியில்லை. சூடு ஏற ஏற ஆக்சிஜனை இழுக்கும் வேகமும் ஏறும். கொள்ளி வைக்க யாரும் வேண்டாம். அதனால்தான் ஐநா பட்டியலில் 1361 என்ற எண்ணைத் தாங்கிய கரி, ‘தானே சூடேறிப் பற்றும் பொருள்’ என்ற 4.2 வகுப்பில் இருக்கிறது. அந்தப் பட்டியலிலும் நீண்ட நாளாக ஓர் ஓட்டை இருந்தது. மாதிரி எடுத்து ஆய்வகத்தில் சோதித்து, பற்றவில்லை என்று ஒரு சான்று வாங்கிவிட்டால் அதே கரி சாதாரணச் சரக்காகிவிடும். சோதித்த கரியும் ஏற்றிய கரியும் ஒன்றுதானா என்று துறைமுகத்தில் நிற்பவருக்கு எப்படித் தெரியும்? கடல்வழி அபாயச் சரக்கு விதித்தொகுப்பின் புதிய திருத்தம் அந்தச் சலுகையை எடுத்துவிட்டது. 2026 ஜனவரி 1 முதல் கப்பலேறும் கரி எல்லாம் அபாயச் சரக்கே. சுட்ட பிறகு 14 நாள் காற்றாட வைக்க வேண்டும் (அல்லது வேறு முறையில் முறைப்படி ஆற்ற வேண்டும்). மூட்டை கட்டும் அன்று சூடு 40 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது. கன்டெய்னரின் கூரைக்குக் கீழே 30 சென்டிமீட்டர் இடம் விட வேண்டும். சுட்ட தேதியையும் கட்டிய தேதியையும் அன்றைய சூட்டையும் தாளில் எழுத வேண்டும். ஏறத்தாழ ஒரு ஜாதகம்.

அபாயச் சரக்கு விதிகளைப் படிக்கப் படிக்க எனக்குத் தோன்றுவது, இது முதலில் பெயரிடும் சட்டம் என்பதுதான். தீயை அணைப்பது, கசிவை அடைப்பது, எதை எதோடு வைக்கக் கூடாது என்பது எல்லாம் பெயர் சரியாகச் சொன்ன பிறகு வருபவை. பெயர் பிழைத்தால் மற்ற விதிகள் அத்தனையும் வேறு ஏதோ ஒரு பொருளுக்காகக் காவல் நிற்கும்.

1956இல் ஐநாவின் நிபுணர் குழு முதல் பட்டியலை வெளியிட்டது. அட்டையின் நிறத்தால் இன்றும் அது ஆரஞ்சுப் புத்தகம். வெடிப்பவை, வாயுக்கள், எரியும் திரவங்கள், எரியும் திடப்பொருள்கள், ஆக்சிஜன் தந்து எரிய உதவுபவை, நஞ்சும் தொற்றும், கதிரியக்கம், அரிப்பவை, எதிலும் அடங்காதவை என்று ஒன்பது வகுப்புகள். ஒவ்வொரு பொருளுக்கும் நான்கிலக்க எண்ணும், வணிகப் பெயரைச் சாராத முறையான சரக்குப் பெயரும் உண்டு. பெட்ரோல் 1203, சமையல் எரிவாயு 1075, பெயின்ட் 1263. கோவில்பட்டி, சிவகாசித் தீப்பெட்டிக்கு 1944. பம்பாய்த் துறைமுகம் வெடித்துச் சிதறிய ஆண்டும் அதுவே. தற்செயல்தான், ஆனால் ஒருமுறை கவனித்தால் மறக்காது.

பட்டியலில் எதற்கு இடம் என்பதை நம் பொதுப்புத்தி பல நேரம் தவறாகவே ஊகிக்கிறது. திரவம் எரிவதில்லை, அதிலிருந்து எழும் ஆவிதான் எரிகிறது. எந்தச் சூட்டில் பற்றுமளவு ஆவி எழுகிறதோ அதைத் தீப்பற்றுநிலை என்பார்கள். பெட்ரோலுக்கு அது உறைநிலைக்கும் நாற்பது டிகிரி கீழே, மண்ணெண்ணெய்க்கு நாற்பதை ஒட்டி. ஸ்டவ்வுக்கு மண்ணெண்ணெய் ஊற்றிப் பழகிய கை பெட்ரோலையும் அதே துணிச்சலோடு தொடுகிறது. 2017 ஜூன் 25 அன்று பாகிஸ்தானின் அகமத்பூர் கிழக்கில் கவிழ்ந்த டேங்கரைச் சுற்றி, சிந்திய பெட்ரோலைக் குடத்தில் பிடிக்கக் கூடிய ஊர் மக்களில் இருநூறுக்கும் மேற்பட்டோர் கருகினார்கள். கடலில், தீப்பற்றுநிலை 60 டிகிரியும் அதற்குக் கீழும் உள்ள திரவமெல்லாம் மூன்றாம் வகுப்பு. அத்தர், நகப்பூச்சு, கொரோனாக் காலத்தில் வீடுதோறும் புழங்கிய சானிடைசர் எல்லாம் அதில் சேரும்.

பெயர் முடிந்தபின் பெட்டி. அபாயச் சரக்கை அடைக்கும் அட்டைப்பெட்டியின் ஓரத்தில் ஒரு வட்டத்துக்குள் ஐநா முத்திரையும் ‘4ஜி’ என்று தொடங்கும் எழுத்துக் கோவையும் இருக்கும். நான்கு என்றால் பெட்டி, ஜி என்றால் நாரட்டை. அந்தக் கோவைக்குப் பின்னால் ஒரு சோதனை இருக்கிறது. சரக்கை நிரப்பிய பெட்டியை உயரத்திலிருந்து கீழே போட்டுப் பார்ப்பார்கள். மிக அபாயமானதற்கு 1.8 மீட்டர், நடுத்தரத்துக்கு 1.2, குறைந்ததற்கு 0.8. இந்தியாவில் இந்தச் சான்றை இந்தியப் பேக்கேஜிங் நிறுவனம் தருகிறது. பழைய பிஸ்கட் பெட்டியில் டேப் ஒட்டி ஆசிட் பாட்டிலை அனுப்புகிறவருக்கு இது மிகையாகத் தெரியலாம். லாரியிலிருந்து இறக்குகிற சுமைத்தொழிலாளியின் தோளுயரம் எவ்வளவு என்று அவர் அளந்து பார்த்திருக்க மாட்டார்.

தாளில் ஒரு சொல் பிசகினால் என்ன ஆகும் என்பதற்கு விமானத்துறை இன்றும் பாடமாக வைத்திருப்பது 1996 மே 11. அமெரிக்காவின் மயாமியிலிருந்து அட்லாண்டாவுக்குக் கிளம்பிய வால்யூஜெட் 592 விமானம், சில நிமிடங்களில் எவர்கிளேட்ஸ் சதுப்பில் விழுந்தது. 110 பேரில் ஒருவரும் தப்பவில்லை. கீழ்ச்சரக்கறையில் ஐந்து அட்டைப்பெட்டிகள் இருந்தன. பயணிகளின் தலைக்கு மேல், அவசரத்துக்கு முகமூடி தொங்குமே, அதற்கு ரசாயன வினையால் ஆக்சிஜன் உண்டாக்கித் தரும் சிறு உருளைகள் அந்தப் பெட்டிகளில். வேறு விமானங்களிலிருந்து கழற்றியவை. கெடு முடிந்தவை, ஆனால் பயன்படுத்தப்படாதவை. ஊசி தட்டினால் வேலை செய்யத் தொடங்கி, மேலோடு இருநூறு டிகிரிக்கும் மேல் சூடாகும். கூடவே ஆக்சிஜனையும் கக்கும். ஊசி தட்டாமலிருக்க ஒரு பிளாஸ்டிக் மூடி மாட்ட வேண்டும். மூடி கையிருப்பில் இல்லை. மாட்டியதாக வேலைத்தாளில் கையெழுத்து மட்டும் விழுந்தது. சரக்குச் சீட்டை எழுதியபோது அந்த உருளைகள் ‘காலி’ ஆகிவிட்டன. தமிழில் இந்தக் குழப்பத்தைச் சொல்வது சுலபம்: காலாவதியானதைக் காலியானது என்று எழுதிவிட்டார்கள். பெட்டிகளுக்குத் துணையாக விமானச் சக்கர டயர்களும் அதே அறையில்.

அந்தக் கையெழுத்து பொய்தான்; ஆனாலும் சரக்கை மறைக்க யாரும் திட்டமிட்டதாகத் தெரியவில்லை என்பதுதான் உறுத்துகிறது. பழுதுபார்த்தவருக்கு மூடி முக்கியமாகப் படவில்லை. ஸ்டோரில் இருந்தவருக்கு அது இன்னதென்றே தெரியாது. விமானத்தில் ஏற்றியவர் சீட்டை நம்பினார். நாலு கை மாறுவதற்குள் ஒரு தீக்கருவி வெறும் தகரமாகிவிட்டது. இன்று பவர் பேங்கைப் பெட்டியில் போடாமல் கையோடு எடுத்துவரச் சொல்வதற்கும் இந்த விபத்துக்கும் நேரடித் தொடர்பில்லை என்றாலும் அடியிலிருக்கும் எண்ணம் ஒன்றே. லித்தியம் மின்கலம் இருக்கையில் புகைந்தால் நாலு பேர் கண்ணில் படும், தண்ணீரோடு ஓடிவருவார்கள். சரக்கறையில் புகைந்தால் விமானிக்கு மணி அடிக்கும்போதே நேரம் கடந்திருக்கும். 2010 செப்டம்பர் 3 அன்று துபாயில் விழுந்த யூபிஎஸ் சரக்கு விமானத்தில் இரு விமானிகளும் இறந்தது அப்படித்தான். அதில் லித்தியம் மின்கலங்கள் பெருமளவில் இருந்தன. 2016 ஏப்ரல் முதல், தனிச் சரக்காக வரும் லித்தியம் அயனி மின்கலங்களைப் பயணிகள் விமானத்தில் ஏற்றக் கூடாது.

பம்பாய் 1944 வேறு வகை. அங்கே பெயர் எல்லாருக்கும் தெரியும். ‘ஃபோர்ட் ஸ்டிகின்’ என்ற சரக்குக் கப்பல் இங்கிலாந்தின் பர்கன்ஹெட்டிலிருந்து பிப்ரவரி இறுதியில் கிளம்பியது. சுமார் 1,400 டன் வெடிபொருளும் தளவாடமும், தங்கக் கட்டிகளும் சரக்கு. கராச்சியில் கொஞ்சம் இடம் காலியானது. அந்த இடத்தில் ஆயிரக்கணக்கான பஞ்சுப் பொதிகளை ஏற்றினார்கள். மசகெண்ணெய்ப் பீப்பாய்களும் ஏறின. பஞ்சும் எண்ணெயும் வெடிமருந்தும் ஒரே வயிற்றில் கூடாது என்பது மாலுமிகளுக்குப் பாலபாடம். போர்க்காலம், கப்பல் தட்டுப்பாடு, மேலிடத்து உத்தரவு. வெடிமருந்துக் கப்பலை வெளியே நிறுத்திப் படகுகளில் இறக்க வேண்டும் என்ற பழைய ஒழுங்கும் போரில் தளர்ந்திருந்தது. விக்டோரியா கப்பல்துறைக்குள்ளேயே கொண்டுவந்து கட்டினார்கள். வெடிபொருள் இருக்கிறது என்று எச்சரிக்கும் சிவப்புக் கொடி அந்தக் கப்பலில் பறக்கவில்லை. ஏப்ரல் 14 பகலில் இரண்டாம் சரக்கறைப் பஞ்சில் புகை எழுந்தது. தண்ணீரைப் பாய்ச்சினார்கள். கப்பலை வெளியே இழுப்பதா, அங்கேயே மூழ்கடிப்பதா என்ற முடிவை எடுக்க ஒருவருக்கும் முழு அதிகாரம் இல்லை, அல்லது இருப்பதாக யாரும் எண்ணவில்லை. மாலை 4 மணி 6 நிமிடத்தில் முதல் வெடிப்பு, அரைமணி நேரத்துக்குள் அடுத்தது. இறந்தவர்கள் எண்ணூறு முதல் ஆயிரத்து முந்நூறு வரை என மதிப்பீடுகள் மாறுபடுகின்றன. தீயணைப்புப் படையினர் மட்டும் 66 பேர். நாடு முழுவதும் ஏப்ரல் 14இல் தீத்தொண்டு வாரம் தொடங்குவது அவர்களுக்காக. தமிழ்நாட்டில் அன்று பெரும்பாலும் சித்திரைப் பிறப்பு. கோயிலுக்குப் போகும் கூட்டம் கடந்துசெல்லும் தீயணைப்பு நிலைய வாசலில் மலர்வளையம் வைத்துக்கொண்டிருப்பார்கள்.

கப்பலில் எந்த வகுப்பை எந்த வகுப்பிலிருந்து எவ்வளவு தள்ளி வைப்பது என்று இன்று ஒரு கட்டம் போட்ட அட்டவணை இருக்கிறது. ‘விலகி’, ‘பிரித்து’, ‘இடையில் முழு அறை விட்டு’ என்று படிப்படியாகத் தூரம் கூடும். சாப்பாட்டுப் பந்தியில் சண்டைக்காரப் பங்காளிகளை உட்காரவைக்கும் கணக்குப் போல. ஃபோர்ட் ஸ்டிகினின் சரக்குப் பட்டியலை இன்று அந்த அட்டவணையில் வைத்துப் பார்த்தால், ஏற்றுவதற்கு முன்பே கணினி மறுத்துவிடும்.

சாலைக்கு வருவோம். தென்னாட்டின் எல்பிஜி புல்லட் டேங்கர்களுக்குத் தலைநகர் நாமக்கல். அந்த டேங்கர்களின் பின்புறமும் பக்கவாட்டிலும் ஒரு பலகை இருக்கும். ஐநா எண், வகுப்பின் வைரக்கட்டம், அவசரத் தொலைபேசி எண், அத்தோடு இரண்டு மூன்று எழுத்தில் ஒரு குறி. பெட்ரோல் டேங்கரில் ‘3 ஒய் இ’ என்றிருக்கும். அலங்காரமென்று கடந்துபோகிறோம். மூன்று என்றால் தண்ணீர் வேண்டாம், நுரை அடி. ஒய் என்றால் வெடிக்கலாம், மூச்சுக்கருவியோடு போ, சிந்தியதைச் சாக்கடையில் கழுவிவிடாதே. இ என்றால் சுற்றியிருக்கும் மக்களை வெளியேற்றுவதை யோசி. வண்டிக்கு முன்னால் வந்து நிற்கும் தீயணைப்பு வீரருக்கு அரை நொடியில் படித்துவிடக் கூடிய உத்தரவு அது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் இந்தப் பலகையைக் கட்டாயமாக்குகின்றன. ஓட்டுநருக்கு மூன்று நாள் தனிப் பயிற்சியும், அதைக் குறித்த உரிமமும், கையில் ட்ரெம் கார்டும் வேண்டும். அந்த அட்டையில் பொருள் இன்னது, கசிந்தால் என்ன செய்வது, யாரைக் கூப்பிடுவது என்றிருக்கும். பலகையின் எழுத்துகள் ஆங்கிலத்தில் இருப்பதும், டேங்கர் கவிழ்ந்தால் முதலில் ஓடிவருகிற ஊர்க்காரர்களுக்கு அதன் பொருளை இதுவரை ஒரு பள்ளியும் சொல்லித்தராததும் வேறு பேச்சு.

2024 டிசம்பர் 20 விடிகாலையில் ஜெய்ப்பூர் - அஜ்மீர் நெடுஞ்சாலையில் திரும்பிக்கொண்டிருந்த எல்பிஜி டேங்கர் மீது ஒரு லாரி மோதியது. வால்வு உடைந்தது, வாயு சாலையெங்கும் பரவியது, பற்றியது. பின்னால் வரிசையில் நின்ற வண்டிகளில் இருந்தவர்களும் சேர்த்துச் சுமார் இருபது பேர் இறந்தார்கள். இரண்டு வாரம் கழித்து, 2025 ஜனவரி 3 விடிகாலையில், கோவை அவினாசி சாலை மேம்பாலத்தில் கொச்சியிலிருந்து 18 டன் வாயுவோடு வந்த டேங்கர் வளைவில் வண்டியின் தலைப்பகுதியிலிருந்து கழன்று விழுந்தது. கசியவும் செய்தது. எல்பிஜி காற்றைவிடக் கனமானது. எழுந்து போகாது, தரையோடு தவழ்ந்து பள்ளத்தையும் சாக்கடையையும் தேடும். கோவையில் போக்குவரத்தை நிறுத்தினார்கள், மணிக்கணக்கில் தண்ணீரைப் பீய்ச்சினார்கள், சுற்றுப்புறப் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள், கசிவை அடைத்து டேங்கரைத் தூக்கினார்கள். ஓர் உயிரும் போகவில்லை. ஜெய்ப்பூரில் அந்த நிமிடங்கள் யாருக்கும் கிடைக்கவில்லை என்பதால் இரண்டையும் அப்படியே ஒப்பிடுவது நியாயமாகாது. ஆனாலும் கோவையில் வந்து நின்றவர்களுக்கு உள்ளே என்ன, எவ்வளவு என்பது முதல் நிமிடத்திலிருந்தே தெரிந்திருந்தது என்பதைக் குறித்துக்கொள்ளலாம்.

பலகை மாட்டிய டேங்கரைவிடப் பலகை இல்லாத பார்சலுக்குத்தான் அதிகம் அஞ்ச வேண்டும் என்று நினைக்கிறேன். பார்சல் ஆபீஸில் ‘உள்ளே என்ன?’ என்ற கேள்விக்கு ‘துணிதாங்க’ என்று பதில் வருகிறது. எழுதுகிறவர் ‘துணி’ என்று எழுதிவிட்டு அடுத்தவரைப் பார்க்கிறார். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் அந்தத் துணியின் நடுவே எத்தனை பெட்டி மத்தாப்பு இருக்கும் என்பதை மேஜைக்கு இரு பக்கமும் இருப்பவர்கள் அறிவார்கள். ‘நாக்பூர் லைசென்ஸ்’ என்று சிவகாசியில் எல்லோரும் சொல்வது, அந்த ஊரில் தலைமையகம் உள்ள மத்திய வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு தரும் உரிமத்தை. 1884ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டத்தை அமல்படுத்துவது அந்த அமைப்புதான். ஆலையும் கிடங்கும் அதன் பார்வைக்குள் வருகின்றன. வெடி வீடு தேடி வரும் கடைசிக் கட்டம்தான் நழுவுகிறது. 2018இல் உச்ச நீதிமன்றம் இணையவழிப் பட்டாசு விற்பனையைத் தடைசெய்தது. ரயில்வே சட்டத்தின் 164ஆம் பிரிவு, அபாயப் பொருளை ரயிலில் கொண்டுபோனால் மூன்றாண்டு வரை சிறை என்கிறது. அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்றும் சொல்கிறது; 1989இல் எழுதிய தொகை.

அந்தச் சட்டம் எதற்கு என்பதை 2023 ஆகஸ்ட் 26 விடிகாலை மதுரை ரயில் நிலையத்துப் பக்கத்து யார்டில் பார்த்தோம். லக்னோவிலிருந்து வந்த சுற்றுலாக் குழுவின் பெட்டி, வண்டியிலிருந்து கழற்றி அங்கே நிறுத்தியிருந்தது. சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டே கோயில் கோயிலாகப் போகும் பயணம். உள்ளே திருட்டுத்தனமாகக் கொண்டுவந்த எரிவாயு சிலிண்டர். டீ போடப் பற்றவைத்தபோது பெட்டி எரிந்தது. ஒன்பது பேர் இறந்தார்கள். அவர்களைக் குற்றவாளிகள் என்று சொல்ல நாக்கு வராது. வீட்டில் தினமும் புழங்கும் பொருள் பெட்டிக்குள் வந்ததும் வேறொன்றாகிவிடும் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்காது.

சென்னை மணலி விஷயம் இன்னும் மெதுவானது. 2015இல் தென்கொரியாவிலிருந்து ஒரு தமிழ்நாட்டு நிறுவனம் இறக்கிய 740 டன் அம்மோனியம் நைட்ரேட், உரத் தரம் என்று சொல்லப்பட்டு, வெடிபொருள் தரம் என்று கண்டு, சுங்கத்துறையிடம் சிக்கியது. 37 கன்டெய்னர்களில் மணலியின் சரக்கு நிலையத்திலேயே கிடந்தது. அதே ஆண்டு வெள்ளம் கொஞ்சத்தைக் கெடுத்தது. ஐந்து ஆண்டு யாருக்கும் உறுத்தவில்லை. 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகத்தில், 2013இல் வந்த ஒரு கப்பலிலிருந்து இறக்கிக் கிடங்கில் போட்டிருந்த 2,750 டன் அதே பொருள் வெடித்து இருநூறுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அந்த மாதமே மணலியில் மிஞ்சியிருந்த 697 டன்னும் ஏலம் போய் ஹைதராபாத்துக்கு லாரியேறியது. பிடித்துவைத்தவர்களிடம் பெயர் சரியாகவே இருந்தது. அடுத்து யார், எங்கே, எப்போது என்ற வரிதான் கோப்பில் வெறுமையாக இருந்தது.

ஆகவே, ஏன் மறைக்கிறார்கள் என்ற கேள்விக்குப் பேராசை என்று ஒரே சொல்லில் பதில் சொல்லி முடிக்க எனக்கு மனமில்லை. உண்மையைச் சொன்னால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். அபாயச் சரக்கு என்று அறிவித்ததும் கூடுதல் கட்டணம் ஏறுகிறது. கப்பலில் அதற்கென்று உள்ள சொற்ப இடம் நிரம்பிவிட்டால் அடுத்த கப்பல். சில கப்பல் நிறுவனங்கள் சில வகுப்புகளைத் தொடுவதே இல்லை, சில துறைமுகங்கள் உள்ளே விடுவதில்லை. விதிப்படி பெட்டி, விதிப்படி தாள், பயிற்சி பெற்ற ஆள் என்று செலவு நீள்கிறது. பொய் சொன்னால் இத்தனையும் மிச்சம். பெரும்பாலான பயணங்களில் ஒன்றும் ஆவதில்லை என்பதால் பொய் தண்டனையின்றித் தப்பியும் விடுகிறது. யாந்தியன் எக்ஸ்பிரஸ் எரிந்த அதே ஆண்டு செப்டம்பர் முதல், அதன் உரிமை நிறுவனமான ஹபாக் லாய்ட், அறிவிக்காத அபாயச் சரக்குக்குக் கன்டெய்னர் ஒன்றுக்கு 15,000 டாலர் தண்டம் என்று வைத்தது. பிடிபட்டால்தான் தண்டம். கடலில் போகும் கன்டெய்னர்களில் திறந்து பார்க்கப்படுபவை மிகச் சொற்பம்.

பொய்க்குத் தண்டம் வைப்பதோடு வேலை முடியவில்லை என்பதற்கு ‘எக்ஸ்-பிரஸ் பேர்ல்’ சாட்சி. 2021 பிப்ரவரியில்தான் கடலுக்கு வந்த புத்தம் புதிய கப்பல். துபாயின் ஜெபல் அலியில் 25 டன் நைட்ரிக் அமிலம் ஏறியது. ஆரஞ்சுப் புத்தகத்தில் இடம்பெற்ற, முறைப்படி அறிவித்த சரக்கு. மே மாதத்தில் அமிலம் கசிவதை மாலுமிகள் கண்டார்கள். கத்தாரின் ஹமத் துறைமுகத்தில் அந்தக் கன்டெய்னரை இறக்கக் கேட்டார்கள். வசதியில்லை என்று பதில். குஜராத்தின் ஹசீராவில் கேட்டார்கள். அங்கும் அதே பதில். மே 15 அன்று கசியும் பெட்டியோடு ஹசீராவை விட்டுக் கிளம்பி, 19 இரவு கொழும்புக்கு வெளியே நங்கூரம் போட்டார்கள். மறுநாள் புகை. 25ஆம் தேதி பெரும் வெடிப்பு. 25 பேரும் மீட்கப்பட்டார்கள். ஜூன் 2 அன்று ஆழ்கடலுக்கு இழுக்க முயன்றபோது பின்பகுதி தரைதட்டியது, அதே மாதம் 17இல் முழுதாக மூழ்கியது.

கசிவைப் பற்றிக் கொழும்பு அதிகாரிகளிடம் உரிய நேரத்தில் உள்ளபடி சொல்லவில்லை என்பது இலங்கைத் தரப்பின் குற்றச்சாட்டு. 2025 ஜூலையில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் நூறு கோடி டாலர் இழப்பீடு தர உத்தரவிட்டது. கப்பல் தரப்பு அதை ஏற்கவில்லை. சட்டப் பொறுப்பை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும். எனக்குத் தைப்பது நடுவில் உள்ள அந்தச் சில நாள்கள்தான். இரண்டு வாசலில் உண்மையைச் சொல்லித் திருப்பி அனுப்பப்பட்ட ஒருவர் மூன்றாவது வாசலில் எவ்வளவு சத்தமாகச் சொல்வார்? ஆபத்திலிருக்கும் கப்பலுக்கு இடம் தருவது பற்றிச் சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2003லேயே வழிகாட்டு நெறிகள் வெளியிட்டிருக்கிறது. நெறிகள்தான், கட்டளை இல்லை. தன் துறைமுகத்தில் அமிலப்பெட்டியை இறக்கிவைத்து ஏதாவது ஆனால் பதில் சொல்ல வேண்டியவர் அந்தத் துறைமுக அதிகாரி. கடலில் போய் எரிந்தால் அவர் பெயர் எங்கும் வராது. பெயரிடுவதைக் கட்டாயமாக்கிய சட்டம், பெயர் சொன்னவரை ஏற்றுக்கொள்வதைக் கட்டாயமாக்கவில்லை.

அந்தக் கப்பலிலிருந்து நெடுநாள் தங்கிய கேடு, அமிலம் செய்தது அல்ல. சரக்கில் சுமார் 1,680 டன் பிளாஸ்டிக் மணிகளும் இருந்தன. பருப்பளவு வெள்ளை மணிகள்; உருக்கி வாளியும் குடமும் பையும் வார்க்கும் மூலப்பொருள். அமிலத்தைப் போல அவை எவரையும் சுடா, நஞ்சூட்டா, பற்றவைத்தால் ஒழியப் பற்றா; எனவே ஒன்பது வகுப்பில் எதிலும் இல்லை. சாதாரணச் சரக்கு. அவைதான் நீர்கொழும்புக் கரையில் முழங்கால் அளவுக்குக் குவிந்தன. மீன்பிடி நின்றது. ஆமைகள் செத்து ஒதுங்கின. மீன் விற்பனை மீண்ட பிறகும், இந்த மீனைத் தின்னலாமா என்ற கேள்வி சந்தையில் நின்றது.

நான்கு ஆண்டு கழித்து நம் பக்கம். 2025 மே 25 அன்று விழிஞ்சத்திலிருந்து கொச்சிக்குப் போன ‘எம்எஸ்சி எல்சா 3’ 640 கன்டெய்னர்களோடு கேரளக் கடலில் கவிழ்ந்து மூழ்கியது. 24 பேரும் பிழைத்தார்கள். அபாயச் சரக்கு என்று அறிவித்தவை 13. அவற்றில் 12இல் கால்சியம் கார்பைடு. மாம்பழம் பழுக்கவைக்கத் திருட்டுத்தனமாக வைப்பார்களே, அதே கார்பைட் கல். தண்ணீர் பட்டால் அசிட்டிலின் வாயு கிளம்பும், அது பற்றினால் வெடிக்கும். நனைந்தால் அபாயம் என்ற 4.3 வகுப்புச் சரக்கு கடலுக்கடியில் கிடக்கிறது என்ற செய்திக்கு நாடே பதறியது. எண்ணும் பெயரும் இருந்ததால் எத்தனை பெட்டி, என்ன செய்யும், கரையொதுங்கினால் எவ்வளவு தூரம் தள்ளி நிற்க வேண்டும் என்று முதல் நாளே மீனவர்களுக்குச் சொல்ல முடிந்தது. திருவனந்தபுரம், கன்னியாகுமரிக் கரைகளில் வந்து ஒதுங்கியவையோ மறுபடியும் அந்த வெள்ளை மணிகள்.

பிளாஸ்டிக் மணிகளை நல்ல பெட்டியில் அடைத்து, தாளில் அடையாளம் காட்டி, முடிந்தவரை தளத்துக்குக் கீழே ஏற்றும்படி 2024இல் கடல்சார் அமைப்பு ஒரு சுற்றறிக்கை விட்டது. பரிந்துரை மட்டுமே, நான்கிலக்க எண் எதுவும் கிடைக்கவில்லை. 2025 ஜூன் மாதம் கன்னியாகுமரிக் கடற்கரைகளில் சாக்கும் சல்லடையுமாகக் குனிந்து மணலைச் சலித்தவர்கள், நீர்கொழும்பில் 2021இல் சலித்தவர்கள் செய்ததைத்தான் செய்தார்கள். மணல் கீழே விழுந்தது, மணிகள் மேலே நின்றன. அடுத்த அலையில் இன்னும் கொஞ்சம் வந்தது.